ஆமைக்கும் வெயில் வேண்டும்

தலைநகரில் வாழும் நம்மவர் வீடுகளில் நாய், பூனை, 'லவ் பேர்ட்ஸ்' வரிசையில் இப்போது ஆமையும் சேர்ந்துவிட்டது. ஆர்.கே.புரம், மயூர் விஹார், ஜனக்புரி என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஒரு குட்டி ஆமை கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. குழந்தைகள் அடம் பிடித்ததால் வாங்கியவர்கள் உண்டு. வாஸ்துவுக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் வாங்கியவர்களும் உண்டு. எதற்காக வாங்கினாலும் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு அது நம் பொறுப்பில் உள்ள ஓர் உயிர். அந்த உயிரைச் சத்தமில்லாமல் அரிக்கும் ஒரு நோயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த நோய் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, அதாவது கால்சியம் பற்றாக்குறை.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மீன் தொட்டி வளர்ப்பது என் நெடுநாளைய பொழுதுபோக்கு. அதனால் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுத் தொட்டியில் என்ன கோளாறு என்றாலும் "மாமாவைக் கூப்பிடு" என்று ஆள் அனுப்புவார்கள். அப்படிப் போய்ப் பார்த்ததையும், கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நூல்களில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்த ஆமை?

கடைகளில் 'கச்சுவா' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் சிவப்புக்காது ஆமைதான். இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. வாங்கும்போது ஒரு பெரிய நாணயத்தின் அளவுதான் இருக்கும். "இதற்கு மேல் வளராது" என்று சொல்லி விற்பார்கள். அது சரியல்ல. நன்றாக வளர்த்தால் பெண் ஆமை 10 அங்குலத்துக்கு மேலும் வளரும். 20, 30 ஆண்டுகள் உயிர் வாழும். வளராமல் சின்னதாகவே இருக்கிறதென்றால் அதைப் பார்த்து மகிழ வேண்டாம். ஏதோ ஒன்று குறைகிறது என்றே எண்ண வேண்டும்.

நட்சத்திர ஆமை முதலிய நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் ஊர்ப் பச்சோந்திக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் சிவப்புக்காது ஆமையைப் பற்றியே. வெளிநாடுகளில் பச்சோந்தி வளர்ப்பவர்களும் இதே நோயோடுதான் போராடுகிறார்கள். ஊர்வன இனங்கள் பலவற்றுக்கும் இது பொதுவான நோய்.

ஓடும் எலும்புதான்

ஆமையின் ஓட்டை அது போட்டுக்கொண்டிருக்கும் சட்டை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஓடு அதன் எலும்புக் கூட்டின் ஒரு பகுதி. விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று ஒன்றோடொன்று இணைந்து ஓடாகியிருக்கின்றன. மேலே நகம் போன்ற ஒரு பொருளால் ஆன மெல்லிய தகடுகள் மூடியிருக்கின்றன. ஆகவே மற்ற பிராணிகளைவிட ஆமைக்குக் கால்சியத் தேவை அதிகம். வளரும் குட்டிக்கு அதனினும் அதிகம்.

எலும்புக்கு மட்டுமல்ல, தசை சுருங்கவும் இதயம் துடிக்கவும் நரம்பு வேலை செய்யவும் இரத்தத்தில் குறிப்பிட்ட அளவு கால்சியம் இருந்தே ஆகவேண்டும். உணவிலிருந்து அது வராவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. எலும்பில் சேர்த்து வைத்ததை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். பிராவிடண்ட் ஃபண்டில் 'அட்வான்ஸ்' எடுத்து மாதச் செலவை நடத்துவது போல! மாதா மாதம் எடுத்துக்கொண்டே இருந்து, திருப்பிப் போடாமலே விட்டால் கடைசியில் என்ன மிஞ்சும்? எலும்பு பஞ்சாகிவிடும். ஓடு மெத்தென்று ஆகும். வெளியே ஆமை நீந்திக்கொண்டும் தின்றுகொண்டும் இருக்கும். உள்ளே இருப்புக் கரைந்துகொண்டிருக்கும். நோய் வெளியே தெரியும்போது மாதக் கணக்கில் முற்றியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

கண்ணாடி தடுக்கும் கதிர்

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கால்சியம் கொடுத்தால் மட்டும் போதாது. குடல் அதை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி-3 வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' வகைக் கதிர் தோலில் படும்போதுதான் அந்த வைட்டமின் உருவாகத் தொடங்குகிறது. பிறகு உடம்பின் வெப்பத்தால் டி-3 ஆகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறுதல் அடைந்து வேலைக்குத் தயாராகிறது. ஆமைக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. வெளியிலிருந்துதான் பெற வேண்டும். ஆகவே கதிர், வெப்பம், கால்சியம் ஆகிய மூன்றும் ஒருசேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் முழுப் பலன் இல்லை.

சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்த 'பி' கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. வெளிச்சம் உள்ளே வருகிறது, சூடும் வருகிறது. ஆனால் வேண்டிய கதிர் மட்டும் கண்ணாடியோடு நின்றுவிடுகிறது. "ஜன்னல் ஓரத்தில்தானே வைத்திருக்கிறோம், நன்றாக வெயில் படுகிறதே" என்று சொல்லும் வீட்டு ஆமைக்கும் ஓடு மெலிவது இதனால்தான். 'ட்யூப் லைட்', 'எல்.இ.டி.' விளக்குகளாலும் பயன் இல்லை.

டில்லி நிழலும் சென்னை நிழலும்

வெயில் என்றால் எல்லா வெயிலும் ஒன்றல்ல. இதை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. வெட்டவெளியில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் 'பி' கதிர் நன்றாக வருகிறது என்று பொருள். நெட்டையாக இருந்தால் கதிர் பலவீனம். சூரியன் சாய்ந்திருக்கும்போது கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியிலேயே பெரும்பகுதி வடிகட்டப்படுகிறது.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நடு மதியம் சென்னையில் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். ஐந்தரை அடி ஆளின் நிழல் நான்கு அடிதான். அதே நாள், அதே மதியம் டில்லியில் சூரியன் 38 டிகிரிதான் ஏறும். அதே ஆளின் நிழல் ஏழு அடி! நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை மூன்று மாதங்களுக்கு இங்கே உச்சிப் பொழுதிலும் நிழல் நம்மைவிட நீளம்தான். இதோடு மூடுபனியும் புகையும் சேர்ந்துகொள்கின்றன. நாம் ஜன்னல்களையும் சாத்திவிடுகிறோம். தொட்டித் தண்ணீர் குளிர்ந்துபோய் ஆமை தீனியை விட்டுவிடுகிறது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ முற்றத்தில் வளர்ந்தால் தப்பித்துக்கொள்ளும் ஆமை டில்லி 'பிளாட்'டில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

எப்படித் தெரிந்துகொள்வது?

இருப்புப்பாதையில் 'கீமேன்' என்று ஒருவர் உண்டு. தினமும் தன் பங்குத் தடத்தை நடந்தே பார்த்து, தளர்ந்ததைத் தட்டி இறுக்குவது அவர் வேலை. பெரிய விபத்துகள் வராமல் இருப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வாரம் ஒரு முறை ஆமைக்கு நீங்கள் கீமேன் ஆகுங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

1. ஓட்டின் பின் விளிம்பையும் அடி ஓட்டையும் கட்டை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பிறந்த சில மாதக் குட்டிக்குச் சற்று வளைந்து கொடுப்பது இயல்பு. வளர்ந்த பிறகு கல் போல் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பா மூடி போல் அமுங்கினால் நோய் இருக்கிறது.

2. ஓட்டின் விளிம்பு மேல் நோக்கிச் சுருண்டிருக்கிறதா? ஓடு கோணலாக, மேடு பள்ளமாக இருக்கிறதா? உடம்பு வளர்ந்தும் ஓடு வளராமல் சதை பிதுங்குகிறதா?

3. தரையில் விட்டால் நான்கு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கி நடக்க வேண்டும். வயிற்றால் தேய்த்துக்கொண்டு போனாலோ, பின்னங்கால் இழுத்தாலோ எலும்பில் பலம் இல்லை.

4. தாடை வளைந்து கொடுக்கிறதா? அலகு கோணலாக வளர்ந்து கடிக்க முடியாமல் இருக்கிறதா?

5. கால்கள் வீங்கியிருக்கின்றனவா? விரல்களும் கால்களும் வெட்டி வெட்டி இழுக்கின்றனவா? இப்படி இழுப்பு வந்தால் இரத்தத்திலேயே கால்சியம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

6. பெண் ஆமை முட்டையிட முடியாமல் தவிப்பதும் இதன் விளைவாக இருக்கலாம். முட்டை ஓட்டுக்கும் கால்சியம் வேண்டுமல்லவா?

வேறு சில கோளாறுகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓட்டின் மேல் தகடுகள் மெல்லிய சருகாக உரிவது இயற்கை. கண் வீங்கி மூடிக்கொள்வது பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவால் வருவது. ஒரு பக்கம் சாய்ந்து நீந்துவது நுரையீரல் நோயாக இருக்கலாம். ஓட்டில் நாற்றமும் குழியும் இருந்தால் அது அழுகல் நோய். இவற்றுக்கும் மருத்துவர் வேண்டும், ஆனால் சிகிச்சை வேறு.

ஒரு வீட்டில் பார்த்தது

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பெண் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஓர் ஆமை வாங்கி 'மணி' என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டாம் ஆண்டு ஜனவரியில் அது தின்பதை விட்டுவிட்டது. "குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று முதலில் விட்டுவிட்டார்கள். பிறகு கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். தொட்டி ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தது. சைவ வீடு. பொரி, ரொட்டித் துண்டு, வெள்ளரிக்காய், பாலக் கீரை இவைதான் தீனி. கையில் எடுத்து அடி ஓட்டை அழுத்தினேன், அமுங்கியது. தரையில் விட்டால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, மணி பிழைக்குமா?" என்று கேட்டாள். "இன்றைக்கே டாக்டரிடம் போனால் வழி இருக்கிறது" என்றேன்.

பறவைகளையும் ஊர்வனவற்றையும் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் முதலில் எக்ஸ்-ரே எடுத்தார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் மங்கலாக, மேகம் போல் இருந்தது. உடம்பில் நீர் வற்றியிருந்ததால் அதற்கு மருந்து கொடுத்தார். ஆமையின் எடையைப் பார்த்துக் கணக்கிட்டு வாய் வழியாகக் கால்சிய மருந்தும், டி-3 ஊசியும் கொடுத்தார். "மருந்து பாதி, நீங்கள் வீட்டில் செய்வது பாதி. எலும்பு பலவீனமாக இருக்கிறது, கீழே விழுந்தால் உடையும், இரண்டு கையாலும் பிடியுங்கள்" என்று எச்சரித்தார்.

தொட்டியை மாற்றி அமைக்கும் வேலை என்னுடையது. 'தெர்மோஸ்டாட்' உள்ள ஹீட்டர் போட்டுத் தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்தினோம். தண்ணீருக்கு மேலே ஏறி உட்கார்ந்து உடம்பு முழுவதும் உலரும்படி ஒரு மேடை கட்டினோம். மேடைக்கு மேல் 30 முதல் 32 டிகிரி சூடு தரும் ஒரு பல்பும், புற ஊதா 'பி' விளக்கும் மாட்டினோம். பத்து நாளில் மணி தின்ன ஆரம்பித்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்-ரேயில் எலும்பு தெளிவாகத் தெரிந்தது. ஓடு முழுவதும் கெட்டிப்பட ஆறு மாதம் ஆயிற்று. சுருண்டுபோன விளிம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இழந்த பலம் திரும்பும், கோணிய வடிவம் திரும்பாது. ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

விளக்கு, வெயில், தீனி

விளக்கு: பெட்டியின் மேல் 'ஊர்வனவற்றுக்கான யு.வி.பி.' என்று இருக்க வேண்டும். 5.0 அல்லது 10.0 என்று எண் போட்டிருக்கும். பெட்டியில் குறித்த தூரத்தில், பொதுவாக 25 முதல் 30 செ.மீ. உயரத்தில், நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ இல்லாமல் மாட்ட வேண்டும். தினம் 10 முதல் 12 மணி நேரம் எரியலாம். வெளிச்சம் இருந்தாலும் கதிர் நாளடைவில் குறைந்துவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்ய விற்கும் 'யு.வி.' விளக்கு வேறு. அது 'சி' வகைக் கதிர், ஆமைக்கும் உங்களுக்கும் கண்ணைக் கெடுக்கும்.

வெயில்: நேர் வெயிலுக்கு ஈடு எந்த விளக்கும் இல்லை. வாரம் மூன்று நான்கு நாள், 20 முதல் 30 நிமிடம் போதும். கோடையில் காலை எட்டிலிருந்து ஒன்பது மணிக்குள், குளிர்காலத்தில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், காற்று குளிராத நாளாகப் பார்த்து வைக்கலாம். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பாதி இடத்துக்கு நிழல் இருக்கும்படி செய்யுங்கள். மேலே கம்பி வலை போடுங்கள். காக்கையும் பருந்தும் டில்லிக் குரங்குகளும் சும்மா விடா! கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைக்காதீர்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடேறி ஆமை இறந்துவிடும்.

தீனி: உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருப்பது நல்லது. எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 200 மி.கி., கால்சியமோ 15 மி.கி. அளவுதான். ஆகவே வெறும் கறியும் தீனி ஆகாது, வெறும் பொரியும் தீனி ஆகாது. குட்டி ஆமை பெரும்பாலும் மாமிசம் தின்னும் பிராணி. நல்ல ஆமைத் தீனி உருண்டைகள், முள்ளோடு கூடிய சிறு மீன், மண்புழு ஆகியவை ஏற்றவை. வளர வளர இலை தழை தின்னத் தொடங்கும். அப்போது முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, நீர்ப்பாசி கொடுக்கலாம். முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு. பாலக்கில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்ஸலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சைவ வீட்டாருக்கு ஒரு வார்த்தை: உருண்டைத் தீனியும் மீன் தூளில் செய்வதுதான். அதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் ஆமை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் தருமம்.

மலிவான கால்சியம் நமக்குத் தெரிந்ததே. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பது கணவாய் மீனின் உள் ஓடு. இங்கே பன்சாரி கடையில் 'சமுத்ர ஃபேன்' என்று கேட்டால் தருவார்கள். பின்புறக் கெட்டிப் பகுதியைச் சீவிவிட்டு, ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்க விட்டால் ஆமை வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். வேகவைத்த முட்டையின் ஓட்டைக் காயவைத்துப் பொடி செய்து தீனியில் தூவலாம்.

செய்யக் கூடாதவை

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைக்காதீர்கள். அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த கால்சியம் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். அதில் டி-3 சேர்ந்திருக்கும். அளவு மீறிய டி-3 உடம்பில் தங்கி, எலும்புக்குப் போக வேண்டிய சுண்ணாம்பைச் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் படிய வைக்கும். கதிர் பட்டுத் தோல் தானே செய்துகொள்ளும் டி-3 அளவு மீறாது, மாத்திரை மீறும். மருந்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆமையின் உடம்பிலும் தொட்டித் தண்ணீரிலும் 'சால்மொனெல்லா' என்னும் கிருமி இருக்கக்கூடும். இதனால்தான் அமெரிக்காவில் 1975 இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் ஆமைத் தொட்டியைக் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போனால் யமுனையிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. புண்ணியம் என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியம் நம் நாட்டு ஆமைகளுக்குக் கேடு. அவற்றின் இரையையும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். 2020 இல் குவாஹாட்டியில் ஒரு கோயில் குளத்திலும் தீபோர் பீல் ஏரியிலும் இந்த ஆமை காணப்பட்டது. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவி இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. முடியாதவர்கள் நன்றாக வளர்க்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள், அல்லது வனத்துறையினரிடம் யோசனை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆமைக்கு நான் சொன்ன அதே வெயில் கணக்கு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பொருந்தும். நம் உடம்பும் அதே கதிரைக் கொண்டுதான் வைட்டமின் டி செய்துகொள்கிறது. கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து இளவெயிலில் போட்டு வைத்த நம் பாட்டிமார்களுக்குக் கதிரின் பெயர் தெரியாது, பயன் தெரிந்திருந்தது. ஆமையை வெயிலில் வைக்க மொட்டை மாடிக்குப் போகும்போது குழந்தைகளையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். கம்பி வலைக்குக் காவலும் ஆயிற்று, அவர்களுக்கு வெயிலும் ஆயிற்று. இறங்கி வந்ததும் சோப்பு மட்டும் மறக்க வேண்டாம்.